முட்டு, இழுப்பு, நெஞ்சுச் சளி: ஒரே பெயருக்குள் எத்தனை வருத்தங்கள்?

"முட்டுக்கு ஒரு குளிசை தா மனே."

மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு பாமசியில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். மாரி மழை தொடங்கிவிட்டால் இந்த வசனத்தை ஒரு நாளில் பத்துத் தரமாவது கேட்பேன். கேட்பவர் படுவான்கரையிலிருந்து வந்த வயல்காரராக இருப்பார், இல்லையென்றால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் தாய், இல்லையென்றால் வாலிப வயதிலிருந்தே சுருட்டுக் குடித்து வந்த ஐயா. சொல்லும் பெயர் மட்டும் ஒன்றுதான். முட்டு, இழுப்பு, அதுவும் இல்லாவிட்டால் நெஞ்சுச் சளி. இந்த ஒரு பெயருக்குள் ஆறேழு வேறு வேறு வருத்தங்கள் கிடக்கின்றன, ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றுக்கு உதவாது, சிலவேளை அதை இன்னும் மோசமாக்கியும் விடும். நான் டொக்டர் இல்லை, உங்கள் வருத்தம் இதுதான் என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் டொக்டரிடம் போய் "சளி" என்று மட்டும் சொல்லிவிட்டு வராமல், எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் கூடுகிறது, அதோடு சேர்ந்து வேறு என்ன இருக்கிறது என்று மூன்றையும் சொன்னால் வருத்தத்தைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். அந்த மூன்று கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

முதலில் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அதற்கு நமது வயல் வாய்க்காலே போதும். சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்துத் தண்ணீர் பெரிய வாய்க்காலில் வந்து, கிளை வாய்க்காலாகப் பிரிந்து, அது இன்னும் சின்னதாகப் பிரிந்து கடைசியில் வயலுக்குள் பாய்கிறது அல்லவா, மூச்சுக்குழாயும் அப்படித்தான். தொண்டைக்குக் கீழே ஒன்றாக இருப்பது இரண்டாகி, நாலாகி, இருபது தடவைக்கு மேல் பிரிந்து, முடிவில் மிகச் சின்னக் காற்றுப் பைகளில் போய் நிற்கிறது. இரண்டு நுரையீரலிலும் சேர்த்து இந்தப் பைகள் 30 கோடிக்கும் மேல். ஒவ்வொரு பையையும் சுற்றி முடியை விட மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ஒட்சிசன் இரத்தத்துக்குள் போவதும் காபனீரொட்சைட்டு வெளியே வருவதும் அந்த இடத்தில்தான்.

இனி வாய்க்காலில் என்ன கெட்டுப்போகலாம் என்று யோசித்துப் பாருங்கள். வாய்க்கால் திடீரென்று சுருங்கிப் பிறகு விரியலாம், அது ஆஸ்துமா. வருடக்கணக்கில் சேறு படிந்து நிரந்தரமாக ஒடுங்கிப்போகலாம், அது சீஓபீடி. வயலுக்குள் வெள்ளம் நிற்கலாம், அது நியுமோனியா. வயல் மண்ணே இறுகிக் கட்டாந்தரையாகலாம், அது நுரையீரல் தழும்பு நோய். வயலுக்கு வெளியே தண்ணீர் நின்று வயலை நெருக்கலாம், அது நெஞ்சுக்குள் நீர் கட்டுவது. இந்த எல்லாவற்றிலும் ஆளுக்கு மூச்சு முட்டத்தான் செய்யும், அதனால்தான் நமக்கு எல்லாமே ஒரே முட்டாகத் தெரிகிறது.

ஆஸ்துமாவிலிருந்து தொடங்குகிறேன், எல்லாரும் அறிந்த பெயர் என்பதால். இதன் அடையாளம் வந்து வந்து போவது. இன்றைக்குப் படுக்க முடியாமல் இழுக்கும், நாளை மறுநாள் பிள்ளை ஒன்றும் நடக்காததுபோல் விளையாடப் போகும். இரவிலும் விடியப்புறத்திலும் கூடும். மூச்சை வெளியே விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வரும், நெஞ்சை இறுக்கிப் பிடித்ததுபோல் இருக்கும். சிலருக்கு இழுப்பே இல்லாமல் இரவு இருமல் மட்டும் வரும், அவர்களைத்தான் சளி என்று சொல்லி வருடக்கணக்கில் பாணி மருந்து குடிக்க வைப்பார்கள். தூசி, வாடைக் குளிர், தடிமன், பூனை முடி, சாம்பிராணிப் புகை, ஓடி விளையாடுவது என்று ஒவ்வொருவருக்கும் கிளப்பிவிடுவது ஒவ்வொன்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ரோட்டுப் புழுதி கிளம்பினாலே எங்கள் கடைக்கு இந்த ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாயால் இழுக்கும் மருந்துப் பம்ப் இரண்டு வகை. பெரும்பாலும் நீல நிறத்தில் வரும் சல்பியூட்டமோல், இழுப்பு வந்த நேரத்தில் குழாயை விரித்துவிடும், அவ்வளவுதான். மற்றது பெரும்பாலும் மண்ணிறத்தில் வரும் ஸ்டீரொய்ட் பம்ப், குழாய்க்குள் இருக்கும் வீக்கத்தைக் குறைத்து இழுப்பு வராமலே தடுப்பது இதுதான். நீலத்தில் உடனே சுகம் தெரிகிறது, மற்றதில் அன்றைக்கே ஒன்றும் தெரிவதில்லை, அதனால் மண்ணிறத்தை விட்டுவிட்டு நீலத்தை மட்டும் வாங்கிப் போகிறார்கள். நீலத்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டியே 2019இல் தன் அறிவுரையை மாற்றியது. "பம்ப் பழகினால் பிறகு விட முடியாது" என்று சொல்லிக் குளிசை கேட்பவர்களுக்கு நான் ஒரு கணக்குச் சொல்வேன். சல்பியூட்டமோல் குளிசை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கிறது, பம்பில் ஒரு தரம் அடித்தால் வருவது 100 மைக்ரோகிராம். நாற்பது தரம் பம்ப் அடிக்கும் மருந்தை ஒரே குளிசையில் வயிற்றுக்குள் போட்டு உடம்பு முழுக்கச் சுற்றவிடுகிறோம், கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அதனால்தான். பம்ப் மருந்து நேரே குழாய்க்குள் போகிறது, கொஞ்சமே போதும். ஸ்டீரொய்ட் பம்ப் அடித்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும். பிள்ளைகளுக்கு ஸ்பேசர், அதாவது பம்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் கூடு, வைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் பாதி மருந்து நாக்கிலேயே நின்றுவிடும்.

அடுத்தது சீஓபீடி, நாட்பட்ட சுவாசத்தடை நோய். என் மாமிக்கு இருப்பது இதுதான், அதனால் இங்கே கொஞ்ச நேரம் நிற்பேன்.

மாமி வாழ்க்கையில் ஒரு பீடியைத் தொட்டதில்லை. ஆனால் முப்பது வருடம் வீட்டில் நெல் அவித்து அரிசியாக்கி விற்றவர். விடிய நாலு மணிக்கு எழும்பி, பெரிய பானையை அடுப்பில் ஏற்றி, உமியும் பன்னாடையும் போட்டு எரிப்பார். உமி சுவாலை விட்டு எரியாது, கணகணவென்று புகைந்துகொண்டே கிடக்கும். தகரக் கொட்டில், ஒரு பக்கம்தான் திறப்பு. நான் சின்ன வயதில் அங்கே போனால் கண் எரிந்து வெளியே ஓடி வந்துவிடுவேன், மாமி அதற்குள்ளேயே குனிந்திருந்து ஊதிக்கொண்டிருப்பார். ஐம்பது வயது தாண்டியபோது காலையில் எழும்பியதும் இருமல், ஒரு கரண்டி அளவு சளி. பிறகு கோவிலுக்கு நடந்து போகையில் நடுவழியில் நின்றார். பிறகு கிணற்றடியில் இரண்டாவது வாளி அள்ள முடியாமல் போனது. ஒரேயடியாக வரவில்லை, ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, வயது போகிறது என்றே நாங்கள் நினைத்தோம். பல இடத்தில் மருந்து எடுத்தோம், எல்லா இடத்திலும் ஆஸ்துமா என்றே எழுதினார்கள்.

கடைசியில் ஸ்பைரோமெற்றி என்ற ஊதும் பரிசோதனை செய்தபோதுதான் விளங்கியது. அது ஒன்றும் நோகாத வேலை. மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, நன்றாக மூச்சை இழுத்து, ஒரு குழாய்க்குள் பலங்கொண்ட மட்டும் ஊதி, முடியும்வரை விடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல நுரையீரல் உள்ளவர் ஊதும் மொத்தக் காற்றில் 70 வீதத்துக்கு மேல் முதல் ஒரு செக்கனிலேயே வெளியே வந்துவிடும். குழாய் ஒடுங்கியவருக்கு அது வராது, மெதுமெதுவாகக் கசியும். அப்புறம் சல்பியூட்டமோல் பம்பை அடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்ப ஊதச் சொல்வார்கள். நன்றாகக் கூடினால் ஆஸ்துமாவின் பக்கம், கூடாமல் அப்படியே நின்றால் சீஓபீடியின் பக்கம். மாமிக்குக் கூடவில்லை.

சீஓபீடி என்றாலே புகைப்பவர் வருத்தம் என்று நினைப்போம். உண்மையில் சிகரட், பீடி, சுருட்டுத்தான் முதல் காரணம். ஆனால் காற்றோட்டம் இல்லாத குசினியில் விறகுப் புகையை வருடக்கணக்கில் சுவாசித்த பெண்களுக்கும் இது வரும், நமது ஊர்களில் இதைக் கவனிக்காமல் விடுவதற்குக் காரணமே அவர்கள் புகைப்பதில்லை என்பதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019இல் மட்டும் இந்த நோயால் இறந்தவர்கள் 32 இலட்சம் பேர். அழிந்த காற்றுப் பைகள் திரும்ப வராது. ஆனால் புகையை விட்ட நாளிலிருந்து இறங்கும் வேகம் குறையும், எந்த வயதில் விட்டாலும் குறையும். மாமியின் அடுப்பை வெளியே மாற்றி, கொட்டிலின் இரண்டு பக்கத் தகரத்தையும் கழற்றினோம். முன்பே செய்திருக்கலாம் என்ற நினைப்பு எனக்கு இன்றும் நெஞ்சில் நிற்கிறது.

சீஓபீடி உள்ளவர் வீட்டில் ஒட்சிசன் சிலிண்டர் வைத்திருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். விரலில் மாட்டும் கருவி காட்டும் ஒட்சிசன் அளவு மற்றவர்களுக்கு 95க்கு மேல் இருக்க வேண்டும், ஆனால் இவர்களில் பலருக்கு டொக்டர்மார் வைக்கும் இலக்கு 88 முதல் 92 வரைதான். 99 காட்டட்டும் என்று குமிழைத் திருகிக் கூட்டிவிட்டால் காபனீரொட்சைட்டு உடம்பில் தேங்கி ஆள் தூக்கத்தில் ஆழ்ந்து எழுப்ப முடியாமல் போகலாம். டொக்டர் வைத்துத் தந்த அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள்.

இனித் தொற்றுகள். நியுமோனியா என்றால் காற்றுப் பைகளுக்குள் சீழும் நீரும் நிரம்புவது. இது வருடக்கணக்கில் வருவதில்லை, சில நாட்களில் வரும். காய்ச்சல், குளிர் நடுக்கம், மஞ்சளாகவோ துருப்பிடித்த நிறத்திலோ சளி, மூச்சை இழுக்கும்போது ஒரு பக்கத்தில் குத்து. வயது போனவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் இருக்கலாம், சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு, பேச்சுத் தடுமாறி, ஆள் அடையாளம் தெரியாமல் கிடந்தால் நெஞ்சையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைகளில் இதைக் கண்டுபிடிக்கத் தாய்மாருக்கு ஒரு மணிக்கூடு போதும். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, முழுதாக ஒரு நிமிடம் வயிறு எத்தனை தரம் ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போங்கள். வேது பிடிக்கிறேன், கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறேன் என்று ஒரு இரவைப் போக்கடிக்காதீர்கள். கொத்தமல்லித் தண்ணீர் தடிமனுக்கு இதம்தான், நானும் குடிப்பேன், ஆனால் பையில் சீழ் கட்டிய பிள்ளைக்கு அது எதையும் செய்யாது.

நமது பக்கத்துக்கென்றே ஒரு நியுமோனியாவும் இருக்கிறது, இதன் பெயரைப் பலர் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள். மெலியோய்டோசிஸ். இதன் கிருமி சேற்றிலும் வயல் தண்ணீரிலும் சும்மா வாழ்வது. மழைக்காலத்தில், காலில் வெடிப்போ காயமோ உள்ளவர் சேற்றில் இறங்கும்போது தோல் வழியாக ஏறும், காற்றோடும் தண்ணீரோடும் உள்ளே போகலாம். 1912இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரண்டு பேர் இதை முதலில் எழுதினார்கள். மட்டக்களப்பிலிருந்தும் நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். சீனி வருத்தம் உள்ளவர்களைத்தான் இது அதிகம் பிடிக்கும். கடும் காய்ச்சலோடு நியுமோனியாவாக வரலாம், மெதுவாக மாதக்கணக்கில் இருமலும் மெலிவுமாகக் காசநோய் மாதிரியே வரலாம், ஈரலிலும் மூட்டிலும் தோலிலும் சீழ்க்கட்டியாகவும் வரலாம். கடையில் கேட்டு வாங்கும் அமொக்சிசிலின் இதற்கு வேலை செய்யாது. ஆசுபத்திரியில் குறைந்தது இரண்டு கிழமை ஊசி, பிறகு மூன்று மாதமளவில் குளிசை, அவ்வளவு நீண்ட வைத்தியம். ஆகவே சீனி வருத்தம் உள்ள ஒரு வயல்காரருக்கு மாரியில் காய்ச்சலும் இருமலும் வந்து, சாதாரண மருந்துக்கு அடங்கவில்லை என்றால், "நான் வயலில் இறங்கி வேலை செய்கிறவன், எனக்குச் சீனி இருக்கிறது" என்று டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பலாமா என்று அவர் யோசிக்க அந்த ஒரு வசனம் போதும். வயலில் இறங்கும்போது பூட்ஸ் போடுவது, காலில் காயம் இருந்தால் மூடிக் கட்டுவது, இவை எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்தே பாதுகாப்பு.

காசநோய்க்கு வருவோம். இரண்டு கிழமைக்கு மேல் விடாத இருமல், பின்னேரத்தில் லேசாக ஏறும் காய்ச்சல், இரவில் தலையணை நனையும் வியர்வை, பசியின்மை, உடம்பு வற்றுவது, சிலருக்குச் சளியில் இரத்தம். இவ்வளவும் ஒருவருக்கே இருக்க வேண்டியதில்லை. இரண்டு கிழமை இருமல் ஒன்றே சளியைச் சோதிக்கப் போதுமான காரணம். சீனி வருத்தம் உள்ளவருக்கு இது வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. "பிறந்தபோதே பிசிஜி ஊசி போட்டாச்சே" என்பார்கள், அந்த ஊசி சின்னப் பிள்ளைகளை மூளைக்காய்ச்சல் மாதிரிக் கொடிய காசநோயிலிருந்து காப்பது, வளர்ந்தவரின் நுரையீரலை அது அவ்வளவாகக் காக்காது.

இருமிய காற்றில்தான் இது பரவும். ஒரே கோப்பையில் சாப்பிட்டதால், கை கொடுத்ததால், உடுப்பைத் தொட்டதால் பரவாது. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் கடைக்கு வரும் ஒரு தம்பி, மருந்து தொடங்கி இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதும் குளிசையை நிறுத்திவிட்டான். ஏன் என்று கேட்டேன். வீட்டில் தனியாக ஒரு பீங்கானும் கிளாஸும் வைத்துவிட்டார்களாம், அதைப் பார்த்துப் பார்த்து மனம் விட்டுப்போய், சுகமாகிவிட்டது என்று சொல்லி எல்லாவற்றையும் எறிந்திருக்கிறான். திரும்ப வந்தபோது சளியில் இரத்தம். வழக்கமான வைத்தியம் ஆறு மாதம், முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் இரண்டு மருந்து. நடுவில் விட்டால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடலாம், பிறகு இன்னும் கடினமான மருந்துகள்தான். முறையாகக் குளிசை எடுக்கத் தொடங்கி இரண்டு கிழமையளவில் மற்றவருக்குப் பரப்பும் ஆபத்துப் பெருமளவு குறைந்துவிடும், பீங்கானைப் பிரிக்கத் தேவையே இல்லை. ரிபாம்பிசின் குளிசையால் மூத்திரம் செம்மஞ்சள் நிறமாகப் போகும், பயந்து நிறுத்தாதீர்கள். கருத்தடைக் குளிசை எடுக்கும் பெண்கள் அதை டொக்டரிடம் சொல்லுங்கள், ரிபாம்பிசின் அதன் வேலையைக் குறைத்துவிடும். மாவட்டத்து மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம், ஒருவருக்கு வந்தால் வீட்டில் உள்ள மற்றவர்களையும் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். ரொபேர்ட் கொக் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்தது 1882 மார்ச் 24இல். அதன் பிறகும் அறுபது வருடத்துக்கு மேல் இதைக் கொல்லும் குளிசை இருக்கவில்லை. இன்று இருக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது.

இடையில் ஒரு சொல். காசநோய் இருக்கலாம் என்ற ஒருவர் கடையில் வந்து ஸ்டீரொய்ட் குளிசை வாங்கி எடுத்தால் இரண்டு நாள் சுகமாக இருக்கும், உள்ளே நோய் வளரும். சில அன்டிபயோட்டிக்குகள் காசக் கிருமியை அரைகுறையாக அடக்கிவிட்டுச் சளிப் பரிசோதனையில் பிடிபடாமல் செய்துவிடும். டொக்டர் எழுதிய துண்டு இல்லாமல் இவை தரமாட்டேன் என்று நான் சொல்லும்போது கோபித்துக்கொண்டு போகிறவர்கள் இதை வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சரி, இப்போது வைக்கோல். அறுவடை முடிந்து ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் போரைச் சில மாதம் கழித்து மாட்டுக்குப் பிரிக்கும்போது வெள்ளையாக ஒரு தூசி பறக்கும், பூஞ்சண வாசனை அடிக்கும். அந்தத் தூசி சிலருடைய நுரையீரலுக்கு ஒத்துவராது. காலையில் போர் பிரித்தவருக்கு நாலு முதல் எட்டு மணித்தியாலம் கழித்து, அதாவது பின்னேரமோ இரவோ, குளிர் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுமுட்டு. அடுத்த நாளோ மறுநாளோ தானாக இறங்கிவிடும். திரும்பப் போர் பிரித்தால் திரும்ப வரும். ஆங்கிலத்தில் இதை விவசாயியின் நுரையீரல் என்றே அழைப்பார்கள். காய்ச்சல் என்று சொல்லிக் குளிசை போட்டுக்கொண்டே வேலையைத் தொடர்ந்தால், சில வருடத்தில் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். நெல் ஆலைத் தூசியிலும், புறா, கிளி வளர்க்கும் வீடுகளிலும் இதே மாதிரி வருத்தம் வரலாம். கல்லுடைக்கும் இடங்களில் வேலை செய்பவர்களுக்கு வருவது வேறு, அது கல்தூசி படிந்து வரும் சிலிக்கோசிஸ், அதுவும் தழும்புதான், அதில் காசநோயும் சேர்ந்து பிடிக்கும் ஆபத்து உண்டு.

தழும்பு நோயில் இழுப்புச் சத்தம் பொதுவாக இருக்காது, சளியும் பெரிதாக இராது. வறட்டு இருமல், நடந்தால் மூச்சு வாங்குவது, இவை மாதம் மாதமாகக் கூடும். இன்னொரு அடையாளம் விரலில் இருக்கிறது. இரண்டு கை ஆட்காட்டி விரல்களின் நகங்களையும் முதுகோடு முதுகாக ஒட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நகம் தொடங்கும் இடத்தில் சின்ன வைர வடிவில் ஒரு இடைவெளி தெரிய வேண்டும். லியோ ஷம்ரோத் என்ற தென்னாபிரிக்க இதய வைத்தியர், தனக்கு நோய் வந்தபோது தன் விரல்களிலேயே அந்த இடைவெளி மறைந்துபோவதைக் கண்டு 1976இல் எழுதினார். விரல் நுனி பருத்து, இடைவெளி மூடியிருந்தால் நுரையீரலிலோ இதயத்திலோ வேறு உறுப்பிலோ ஏதோ நாட்பட்டு நடக்கிறது என்று சந்தேகிக்கலாம். சிலருக்குப் பிறவியிலேயே அப்படி இருக்கும், அதனால் பதறாமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

நகம் பருப்பது நுரையீரல் புற்றுநோயிலும் வரும். புற்றுநோயின் கெட்ட குணம், தொடக்கத்தில் அது ஒன்றையும் காட்டாது. பிறகு காட்டுவதும் சின்னச் சின்னதாகத்தான். பல வருடமாகப் புகைத்து இருமிக்கொண்டிருந்தவரின் இருமல் திடீரென்று வேறு மாதிரி ஆகும், சளியில் நூல் மாதிரி இரத்தம் தெரியும், மூன்று கிழமையாகியும் குரல் அடைப்புத் திறக்காது, தோளிலும் கையிலும் இறங்கும் வலி, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் நியுமோனியா, காரணமில்லாமல் உடம்பு வற்றுவது. புகைக்காதவர்களுக்கும் வருகிறது. சளியில் இரத்தத்தைக் கண்டால் சூடு என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டு இருந்துவிடாதீர்கள், காரணம் சின்னதாகவே இருக்கலாம், ஆனால் நெஞ்சுப் படம் எடுக்காமல் அதை யாரும் சொல்ல முடியாது.

நெஞ்சுக்குள் நீர் கட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நுரையீரலைச் சுற்றியுள்ள இரண்டு மெல்லிய சவ்வுகளுக்கு நடுவில் நீர் சேரும், ஒரு பக்கம் பாரமாக இருக்கும், ஒரு பக்கம் சரிந்து படுக்கத்தான் பிடிக்கும். காசநோய், நியுமோனியா, புற்றுநோய், இதய பலவீனம் என்று பல காரணம், நீரை ஊசியால் எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். நீர் எடுத்தால் ஆள் இறந்துவிடும் என்று பயந்து மறுப்பவர்களைக் கண்டிருக்கிறேன், அது இங்கே அடிக்கடி செய்யப்படும் சிகிச்சைதான், எடுத்த அன்றைக்கே மூச்சு இலேசாவதைப் பல குடும்பங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதோடு இன்னொன்று, எல்லா முட்டும் நுரையீரலில் இருந்து வருவதில்லை. நிமிர்ந்திருந்தால் சுகம், படுத்தால் முட்டு, இரண்டு மூன்று தலையணை வேண்டும், கால் வீங்குகிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசியாகத் திடீரென்று வருபவை. நிமிடங்களில் தொடங்கும் மூச்சுமுட்டு எதுவானாலும் வீட்டில் வைத்துப் பார்க்கும் வருத்தம் இல்லை. பிள்ளை பெற்றவர், சத்திரசிகிச்சை முடிந்தவர், நாட்கணக்கில் படுக்கையில் கிடந்தவர், இவர்களுக்கு ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலித்து, பிறகு திடீரென்று மூச்சு முட்டி நெஞ்சு குத்தினால், காலில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறியிருக்கலாம். வாய்க்கால் கணக்கில் சொன்னால் காற்று வரும் பாதையில் ஒரு பிழையும் இல்லை, இரத்தம் வரும் பாதை அடைத்துவிட்டது, அதனால் நெஞ்சுப் படம்கூடப் பல நேரம் சரியாகவே தெரியும். உயரமான மெல்லிய இளைஞர் ஒருவருக்கோ சீஓபீடி உள்ளவருக்கோ ஒரு பக்கத்தில் சுரீரென்று குத்தி மூச்சு அடைத்தால் நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று வெளியே கசிந்திருக்கலாம். உதடோ நாக்கோ நீலம் பாரிப்பது, ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் சொல் சொல்லாக விடுவது, ஆள் மயங்குவது, நீல பம்ப் அடித்தும் இறங்காத இழுப்பு, விரல் கருவியில் 92க்குக் கீழே போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், ஓட்டோவில் கொண்டு போகும்போது கிடைக்காத ஒட்சிசன் அதில் இருக்கும். முன்பே சீஓபீடி என்று சொல்லப்பட்டவருக்கு மட்டும் அந்த 92 பொருந்தாது, அவருடைய வழக்கமான அளவு என்ன என்று கிளினிக்கில் கேட்டுக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது கிளினிக் கொப்பி, பாவிக்கும் பம்ப், குளிசை உறைகள், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். பழைய நெஞ்சுப் படத்தையும் எடுத்துப் போங்கள், அதை மடித்து அலுமாரிக்குக் கீழே செருகாமல் நேராக வைத்திருங்கள். இன்றைய படத்தில் தெரியும் ஒரு வெள்ளைப் புள்ளி போன வருடமும் அங்கேயே இருந்ததா, இல்லை புதிதாக வந்ததா என்று டொக்டர் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அந்தப் பழைய படத்தைத்தான்.